உளுந்துக்குப் பின், தண்ணீருக்கு முன்

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இது கதையாகப் பிறக்கவில்லை. இரண்டு பக்கக் கட்டுரையாகத்தான் பிறந்தது. டெல்டா மண்பந்தயத்தில் பாதிப் பருவம் முடிந்திருந்தது. எந்த ஓட்டுநர் எப்படி ஓட்டுகிறார், எந்த அணி எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி பந்தயச் சங்கத்துச் செயலாளர் அமிர்தலிங்கம் ஜெயபாரதியிடம் கேட்டார். ஜெயபாரதி வார நாட்களில் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். பந்தய ஞாயிறுகளில் மைக்கைப் பிடித்து வர்ணனை செய்கிறாள். இரண்டுக்கும் நடுவில் கதை எழுதுகிறாள்.

“எல்லாப் பந்தயத்தையும் மேலேருந்து பாத்தவங்க நீங்க ஒருத்தங்கதான் மேடம். ஆளுக்கு மார்க் போட்டுக் குடுங்க. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரிதானே?” என்றார் அமிர்தலிங்கம்.

போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரே ஒரு வாக்கியம் கிளம்பிப் போய்ச் செய்த வேலைதான் இந்தக் கதை.

இதை எழுதுகிறவளும் அதே ஜெயபாரதிதான். முதல் வரைவில் ‘நான்’ என்றுதான் எழுதினாள். மூன்றாம் பக்கம் வருவதற்குள் அந்த ‘நான்’ எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கார் ஓட்டுகிறவர்களைப் பற்றிய கதையில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டத் தெரிந்தவளுக்கு முன்வரிசையில் என்ன வேலை? அடித்துவிட்டாள். இனி அவளும் ஒரு பாத்திரம்.

தொடக்கங்களும் இரண்டு செத்துப்போயின.

[வெடித்துக் கிடந்த களிமண்ணின் மேல் சித்திரை வெயில் – வேண்டாம். வெயிலில் தொடங்காத டெல்டாக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.]

[எழில்மொழி பிரேக்கை மிதிக்கவில்லை. – நல்ல வரிதான். ஆனால் பொய். மிதிப்பாள்; மற்றவர்கள் மிதித்து முடித்த பிறகு.]

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறது.

2

பருவம் என்றதும் நெல் என்று நினைப்பீர்கள். இது கார்ப் பருவம். ஆனாலும் நெல் விட்ட வழியில்தான் இதுவும் போக வேண்டும். சம்பா அறுத்து, அந்த ஈரத்திலேயே தெளித்த உளுந்தையும் எடுத்தபின் வயல் சும்மா கிடக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் குறுவைக்கு நாற்று விட வேண்டும். அப்புறம் வயலில் காரை இறக்கினால் உயிரோடு வீட்டுக்குப் போக முடியாது. இந்த இடைவெளிக்குள் ஆறு பந்தயங்கள், ஏழு அணிகள். எல்லாம் பழைய சின்னக் கார்கள். கண்ணாடியைக் கழற்றி, பின்சீட்டைப் பிடுங்கி, உருண்டாலும் ஆள் தப்பிக்கும்படி உள்ளே இரும்புக் குழாயில் கூடு கட்டியவை.

(அடிக்குறிப்பு, அடியில் போய்ப் படிக்கச் சோம்பல்படுவீர்கள் என்பதால் இங்கேயே: இப்படி ஒரு பந்தயம் நடக்கிறதா என்று போனில் தேட வேண்டாம். இந்தக் கதைக்குள் நடக்கிறது. ஆனால் உளுந்து எடுப்பதும் மேட்டூர் திறப்பதும் கதைக்கு வெளியிலும் நடக்கும்.)

முதல் பந்தயம் நன்னிலத்தில், பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில். இரண்டாவது தஞ்சாவூரைத் தாண்டி வல்லத்துச் செம்மண்ணில். மூன்றாவது வேதாரண்யத்தில், உப்பளத்துக்கு மேற்கே மணல் தரையில். மூன்று மண்ணுக்கும் மூன்று பேர் வென்றார்கள்.

மணலில் வென்றவர் வேதாரண்யத்து அப்துல் அஜீஸ். மீன் வண்டி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். மணலில் அவர் போவதைப் பார்த்தால் வண்டியை விரட்டுகிற மாதிரியே இருக்காது. கோபித்துக்கொண்ட ஆளைச் சமாதானம் பேசி வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும்.

செம்மண்ணில் வென்றவன் இளஞ்செழியன். கும்பகோணத்து மங்களாம்பிகை ரைஸ் மில் அணியின் வெள்ளைக் கார். மற்றவர்கள் திரும்பும் இடத்தில் புழுதி கோபுரமாக எழும்பும். அவன் திரும்பும் இடத்தில் கோலப்பொடி உதறிய அளவுதான் பறக்கும். வென்றது ஒன்றுதான் என்றாலும் மற்ற இரண்டிலும் இரண்டாமிடம். புள்ளிப்பட்டியலில் அவனே முதல்.

களிமண்ணில் வென்றவள் எழில்மொழி. அணியின் பெயர் கீழத்தெரு மோட்டார்ஸ். அணி என்றால் இரண்டே பேர்: நீலக் காரை ஓட்டுகிற அவள், அதைக் கட்டிய அண்ணன் நெடுமாறன். நன்னிலத்தில் அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். திங்கள் முதல் சனி வரை, பக்கத்து சீட்டில் நடுங்கும் ஆட்களோடு இரண்டாவது கியரில் ஊர்வாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு நாளையும் சேர்த்து ஓட்டுவாள். வேதாரண்யத்தில் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீர்க் குழாய் வெடித்து வண்டி நின்றுபோனது. இல்லையென்றால் –

அந்த ‘இல்லையென்றால்’தான் வினையாகப் போயிற்று.

3

கட்டுரையில் அணிகளுக்கு ஒரு பகுதி, ஓட்டுநர்களுக்கு ஒரு பகுதி. அணிகளில் ரைஸ் மில்லுக்கு முதலிடம் கொடுத்திருந்தாள். வண்டி ஒரு முறைகூட நின்றதில்லை. நினைத்த இடத்தில் திரும்புகிறது. மூன்று மண்ணுக்கும் ஒத்துப்போகிறது. ஓட்டுநர்களில் எழில்மொழிக்கு முதலிடம். இளஞ்செழியன் பட்டியலில் முன்னால் இருப்பது வண்டியின் புண்ணியம் என்று விளக்கிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்:

“இளஞ்செழியனின் காரில் எழில்மொழி உட்கார்ந்திருந்தால், சாம்பியன் யார் என்ற பேச்சே இந்நேரம் முடிந்திருக்கும்.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஓர் ஓட்டம் இருக்கிறதா? அவளுக்கும் அது பிடித்திருந்தது. வாக்கியம் நன்றாக ஓடினால் உண்மையும் அதிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் என்று எழுதுகிறவர்கள் நம்பிவிடுவது உண்டு.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

“ஜெயபாரதியா? நான் மங்களாம்பிகை பேசறேன், ரைஸ் மில். நீங்க எழுதினதைப் படிச்சேன். நெசமாத்தான் எழுதினீங்களா, படிக்கிறவங்களுக்குச் சுவையா இருக்கட்டும்னு எழுதினீங்களா?”

“நெசமாத்தாங்க.”

“அப்பச் சரி. அந்தப் பொண்ணை எங்க வண்டியில ஏத்திடறேன். மீதி மூணு பந்தயமும் அவ ஓட்டட்டும். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே, நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க.”

ஜெயபாரதி வகுப்புக்கு எடுத்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். “அப்ப இளஞ்செழியன்?”

“அவன் என் தம்பி மகன். மில்லுல அவனுக்கு வேலை கெடக்கு. அரிசியில கல்லு வந்தா சல்லடையை மாத்தறோம். அதுக்காக சல்லடை மேல கோவமா என்ன?”

“எழில்மொழியோட அண்ணன்தான் அவங்களுக்கு மெக்கானிக்கு. அவரு?”

“மெக்கானிக்கு எங்ககிட்டயே இருக்காங்களே.”

அந்த அம்மாள் பேசியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புருஷன் போனபின் மூழ்கிக்கொண்டிருந்த மில்லை ஒற்றை ஆளாக நிமிர்த்தியவர். நல்லதைக் கண்டால் கொண்டுவந்துவிடுவார், ஆகாததை நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு வாக்கியத்தால் ஒருவன் காரை விட்டு இறங்குகிறான். அண்ணனும் தங்கையும் பிரிகிறார்கள். வகுப்பில் அன்று உராய்வு விசை நடத்த வேண்டும். நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று நினைவில்லை.

4

இந்த இடத்தில் இளஞ்செழியன் வில்லனாக வர வேண்டும். கதைக்கு வசதி. அப்படித்தான் எழுதினாள்:

[மறுநாள் கல்லூரி வாசலில் ஒரு பெரிய கார் புழுதி பறக்க வந்து நின்றது. இளஞ்செழியன் கதவை ஓங்கிச் சாத்தினான். கழுத்தில் தங்கச் சங்கிலி –]

வந்தது மில்லின் பழைய மொபெட்டில். கழுத்தில் இருந்தது வியர்வைத் துண்டு. வாட்ச்மேனிடம் அனுமதி கேட்டு, கேண்டீன் ஓரத்தில் காத்திருந்தான்.

“கோவமா இருக்கீங்களா?” என்றாள் ஜெயபாரதி.

“இல்லைங்க மேடம். ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். எந்த வளைவுல அவங்க என்னைவிட வேகம்னு நீங்க பாத்தீங்க?”

அவள் சொல்வதற்குள் அவனே சொன்னான். “நன்னிலத்துல வரப்பு ஏறி இறங்குற எடம்தானே? அங்க நான் மூணாவது கியருக்கு வந்துடுவேன். அவங்க நாலுலயே போறாங்க. எப்படின்னே தெரியல. வண்டி வானத்துல இருக்கும்போதே அடுத்த வளைவுக்குத் திருப்பிடறாங்க. அவங்க பின்னாடி போகும்போது ரெண்டு தடவை பிரேக்கை மறந்துட்டேன், வேடிக்கை பாத்துகிட்டு.”

முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று ஜெயபாரதி தேடினாள். கடுகளவுகூட இல்லை.

“அத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யலாமா? வண்டியை மாத்தி ஓட்டிப் பாத்துடலாம். என் வண்டியில அவங்க, அவங்க வண்டியில நான்.”

“அவங்க ஜெயிச்சுட்டா?”

“மில்லுக்குப் போயிடறேன். வண்டியாலதான் ஜெயிக்கிறேனோ என்னவோன்னு தெரியாமலே ஓட்டிகிட்டு இருக்கறதுதான் மேடம் கஷ்டம்.”

இவ்வளவு நல்லவனா என்று நீங்கள் சந்தேகப்படலாம். எழுதுகிறவளுக்கும் வந்தது. அதனால் அவனுடைய குறையையும் சொல்லிவிட வேண்டும்: அவன் வாயைத் திறந்தால் மூட மாட்டான். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தால் வண்டி என்ன செய்யும், வெயில் ஏறினால் என்ன செய்யும், பெட்ரோல் பாதி தீர்ந்தபின் பின்பக்கம் எப்படி லேசாகும் என்று காபி ஆறி ஆடை படியும்வரை பேசினான். கேண்டீன்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தான். இனிமையான பிள்ளை, ஆனால் அறுவை என்று அவள் அன்று நினைத்துக்கொண்டாள்.

5

நன்னிலத்தில் நெடுமாறனின் ட்ராக்டர் பட்டறைக்கு ஜெயபாரதி நேரில் போனாள். போனில் சொல்லும் விஷயமில்லை. நெடுமாறன் நீலக் காருக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. எழில்மொழி ஒரு டயர்மேல் உட்கார்ந்து அவன் கேட்கிற ஸ்பானரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

“அண்ணே, கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொல்ற?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு. நல்ல வண்டி. போய் ஓட்டு.”

“நீ?”

“எனக்குக் கோடை உழவு வேலை தலைக்கு மேல கெடக்கு.”

“வெளிய வந்து மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

வெளியே வரவில்லை. அடியிலிருந்தே சொன்னான். “வேதாரண்யத்துல நீ முன்னாடி போயிட்டிருந்த. அந்தக் குழாயை நான் மாத்தியிருக்கணும்.”

“அதை நான் ஒரு வார்த்தை கேட்டேனா?”

“கேக்கல. அதான் எனக்குத் தாங்கல.”

எழில்மொழி எழுந்து வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தாள். ஜெயபாரதியும் பின்னால் வந்தாள்.

“மேடம், உங்க கட்டுரையில அணிகள்ல எங்களுக்கு எத்தனாவது எடம்?”

“ஆறாவது.”

“மொத்தமே ஏழுதானே?” என்று கேட்டுவிட்டு எழில்மொழி பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில நல்ல வேலையில இருந்துச்சு எங்கண்ணன். நான் இதுல ஓட்டப்போறேன்னதும் விட்டுட்டு வந்துடுச்சு. பழைய இரும்புக் கடையில கெடந்த வண்டிங்க இது. உங்க கட்டுரையைப் படிச்சுட்டு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல.”

ஆறு என்ற எண்ணைக் கட்டுரையில் போட்டபோது அதற்கு ஒரு முகம் இருந்ததாக ஜெயபாரதிக்குத் தெரியாது.

“ஓட்டிப் பாக்கறேன் மேடம்,” என்றாள் எழில்மொழி. “ஓட்டாம வேணும்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது.”

6

மாற்றி ஓட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எழில்மொழியின் அப்பா இராஜாங்கத்தின் வயலிலும் அதை ஒட்டிய இரண்டு வயல்களிலும். அந்த மண்ணில் இராஜாங்கத்தின் அப்பா கூலிக்கு நட்டவர். இராஜாங்கம் பட்டா வாங்கியவர். மங்களாம்பிகைக்கு ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் தனக்கும் ஒன்று போட்டு உட்கார்ந்தார். நடுவராக அப்துல் அஜீஸ் வேதாரண்யத்திலிருந்து வந்திருந்தார், கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு. கீழத்தெரு முழுக்க வரப்பில் நின்றது.

முதலில் இளஞ்செழியன் தன் வெள்ளைக் காரில் ஓடி, ஒரு நேரத்தைப் பதிவுசெய்தான். பிறகு எழில்மொழி அதில் ஏறினாள்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவதில் வரப்பு ஏறும் இடத்தில் வண்டி நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பியது. இறங்கும்போது மூக்கு ஏற்கெனவே அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் வர்ணனைக்காரி என்பதையே மறந்து ஜெயபாரதி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஓர் ஓட்டம் அந்த வெள்ளைக் காருக்குள் இருந்தது என்று யாருக்கும் அதுவரை தெரியாது. அப்துல் அஜீஸ் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “மாஷா அல்லா,” என்றார். இளஞ்செழியனின் நேரத்தைவிட ஒரு நொடிக்கும் மேல் குறைவு.

அந்த வாக்கியம் உண்மைதான் என்று ஆயிற்று. மங்களாம்பிகை நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அடுத்து நீலக் காரில் இளஞ்செழியன். முதல் வலது வளைவிலேயே வழுக்கிக் காய்ந்த வாய்க்காலில் இறங்கி நின்றான். வரப்பில் ஒரே சிரிப்பு. தள்ளி ஏற்றிவிட்டார்கள். மறுபடி ஓட்டினான். எழில்மொழி அதில் ஓட்டும் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் கட்டுரையே போதும், கதை வேண்டியதில்லை.

இளஞ்செழியன் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அத்தையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைக் கேட்கவில்லை. நேரே நெடுமாறனிடம் போனான்.

“அண்ணே, வலது பக்கம் திருப்பும்போது மட்டும் முன்பக்கம் ஒரு கணம் யோசிக்குது. இடது பக்கம் அப்படி இல்ல. பிரேக்கை விட்டதும் யோசிக்குது, ஆக்ஸிலேட்டர் குடுத்தாச் சரியாயிடுது. ஸ்டீயரிங்ல தெரியல, இடுப்புலதான் தெரியுது. இடது சக்கரத்துலேருந்து வருதுன்னு நினைக்கிறேன்.”

நெடுமாறன் ஜாக்கி வைத்தான். இடது முன்சக்கரத்துக்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். சக்கரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடியது. உள்ளே மூட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

“எழிலு! வலது பக்கம் சரியாத் திரும்பலேன்னு நீ ஒரு நாளாவது வாயைத் தொறந்து சொன்னியா?”

எழில்மொழி வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. “எனக்கே தெரியாதுண்ணே. வலதுன்னா கொஞ்சம் முன்னாடியே திருப்பணும்னு கை பழகிப்போச்சு. இந்த வண்டியே அப்படித்தான்னு நினைச்சேன்.”

நெடுமாறன் புது புஷ் போட்டான். இளஞ்செழியன் மறுபடி ஓட்டினான். இறங்கி, மறுபடி சொன்னான். இந்த முறை பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பற்றி. நெடுமாறன் கேள்வி கேட்டான், அவன் பதில் சொன்னான், இருவரும் காருக்கு அடியில் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. மூன்றாம் முறை அவன் ஓட்டியபோது வரப்பில் சிரிப்பில்லை. பிறகு எழில்மொழி தன் காரிலேயே ஏறி ஒரு சுற்று போய் வந்தாள். வெள்ளைக் காரில் எடுத்த நேரத்தை ஏறத்தாழ எட்டிவிட்டாள். இறங்கியபோது கண் கலங்கியிருந்தது. புழுதி என்றாள்.

அதற்கு முன்பே, ரைஸ் மில் மெக்கானிக்கிடம் அவள் கேட்டது ஜெயபாரதி காதில் விழுந்திருந்தது.

“அண்ணே, உங்க வண்டி நினைச்சா திரும்புது. யாருண்ணே இப்படிச் செஞ்சது?”

“தம்பி சொல்லும், நாங்க செய்வோம். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும்மா. உயிரை வாங்கிடும்.”

ஜெயபாரதி வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அணிக்கு என்று அவள் போட்ட மார்க்கில் பாதி இந்தப் பையனுடையது. வண்டியின் புண்ணியம் என்று அவள் எழுதினாளே, அந்தப் புண்ணியத்தைச் சேர்த்தவனே அவன்தான். எழில்மொழி கதையோ இன்னும் வேடிக்கை: நோயுள்ள காரை நோயே தெரியாதபடி ஓட்டி ஓட்டி, வைத்தியம் பார்க்க வேண்டிய அண்ணனுக்கே அதை மறைத்துவிட்டாள். இவளுடைய கையும் அதிசயம், அவனுடைய இடுப்பும் அதிசயம். இரண்டுக்கும் ஒரே பேப்பரில் எப்படி மார்க் போடுவது?

7

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதினாள்.

[முடிவு அ: எழில்மொழி வெள்ளைக் காருக்கு மாறுகிறாள், வரிசையாக வெல்கிறாள். கடைசிப் பந்தயத்தில் கோப்பையை உயர்த்தும்போது கூட்டத்தில் நெடுமாறன் – இதற்குமேல் எழுத முடியவில்லை. அவன் கூட்டத்தில் எந்த இடத்தில், எந்த முகத்தோடு நிற்பான் என்று தெரியவில்லை.]

[முடிவு ஆ: எழில்மொழி நிமிர்ந்து நின்று, தாத்தா கூலிக்கு நட்ட மண்ணையும் தன்மானத்தையும் பற்றி மங்களாம்பிகையிடம் ஒரு பத்தி பேசுகிறாள். வரப்பு கைதட்டுகிறது. – இதைப் படித்துவிட்டு எழில்மொழியே சொன்னது: “நான் எங்க மேடம் இப்படிப் பேசுனேன்? எனக்கு நாக்கு வறண்டு தண்ணி தாகமா இருந்துச்சு.”]

நடந்தது இதுதான். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழில்மொழி மங்களாம்பிகை முன்னால் வந்தாள்.

“அம்மா, உங்க வண்டியை வேணாம்னு சொல்ல மனசே வரல. அதை ஓட்டுன சுகம் இன்னும் கையிலயே இருக்கு. ஆனா அது அவரு வண்டிங்கம்மா. அவரு சொல்லிச் சொல்லிச் செஞ்சது. அவரு இல்லாம நான் ஓட்டுனா ரெண்டே பந்தயத்துல அதுவும் நொண்டும், எனக்குத் தெரியவும் தெரியாது. எனக்கு வேற ஒண்ணு வேணும்.”

“சொல்லு.”

“அடுத்த பந்தயம் வரைக்கும் அவரு எங்க பட்டறைக்கு வரணும். எங்க வண்டியை ஓட்டிப் பாத்து, என்ன செய்யுதுன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லணும்.”

மங்களாம்பிகை நாற்காலியில் நிமிர்ந்தார். “எங்க வீட்டுப் பிள்ளை வந்து உங்க வண்டியைத் தேத்திக் குடுக்கணுமா? எங்களைத் தோக்கடிக்கவா?”

“சும்மா வேணாம்மா. வரப்பு ஏறுற எடத்துல நாலாவது கியர்ல எப்படிப் போறதுன்னு நான் கத்துத்தர்றேன்.”

“அத்தை, நான் போறேன்,” என்றான் இளஞ்செழியன்.

“இதுல உனக்கு என்னடா லாபம்?”

அவன் ஜெயபாரதி பக்கம் ஒருமுறை பார்த்தான், மரியாதையாகத்தான் பார்த்தான். “வண்டியாலதான் ஜெயிக்கிறேன்னு எழுதிட்டாங்க அத்தை. அவங்க வண்டியும் சரியா இருந்து, அப்பவும் நான் ஜெயிச்சா? அதுக்கப்புறம் யாரும் எழுத முடியாதுல்ல.”

மங்களாம்பிகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இராஜாங்கம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அதைக் கண்டதும் அந்த அம்மாளுக்கும் வந்துவிட்டது.

“மில்லை நானே பாத்துக்கறேன், நீ வண்டியிலயே இரு. ஆனா தோத்துட்டு வந்து, கத்துக்குடுக்கப் போயிருந்தேன் அத்தைன்னு எங்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது. சொல்லிட்டேன்.”

நெடுமாறன் கையைத் துடைத்துக்கொண்டே இளஞ்செழியனிடம் வந்தான். “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?” என்றான்.

8

அந்த இரண்டு வாரம் பட்டறையில் நடந்ததைத் தனிக் கதையாகத்தான் எழுத வேண்டும். இளஞ்செழியன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். கேட்கப் பிறந்தவன்போல நெடுமாறன் கேட்டான். மாலையில் வயலில் எழில்மொழி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டிரைவிங் ஸ்கூல் குரலில், “காலை எடுக்காதீங்க சார், எடுக்காதீங்க, பயப்படாதீங்க, வண்டி தானா இறங்கும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்துல் அஜீஸுக்கு இது தெரிந்ததும் அமிர்தலிங்கத்துக்குப் போன் போட்டு, “அப்ப எனக்கு யாரு சொல்லித்தர்றது?” என்று சண்டைக்கு வந்தார். மறுவாரம் அவரும் பட்டறையில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார்.

அமிர்தலிங்கம் ஜெயபாரதியிடம் திருத்திய ஒப்பீடு கேட்டார். உட்கார்ந்து பார்த்தாள். [எழில்மொழி: பத்துக்கு – ] [ரைஸ் மில் அணி, இளஞ்செழியனை நீக்கிவிட்டுப் பார்த்தால் – நீக்கிவிட்டு எப்படிப் பார்ப்பது?] [கீழத்தெரு மோட்டார்ஸ்: இரண்டு பேர். இல்லை, மூன்று. ஞாயிற்றுக்கிழமை தவிர.] அதற்குமேல் நகரவில்லை. கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கதையை இதுவரைக்கும் எழுதி அனுப்பினாள். “மார்க்கைக் காணோமே மேடம்?” என்றார் அவர்.

நான்காம் பந்தயம் மறுபடி நன்னிலத்துக் களிமண்ணில். மேட்டூர் திறக்கும் தேதி அறிவித்தாயிற்று. டெல்டா முழுக்க விதைநெல் பேச்சு. ஆனாலும் வரப்பில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் வெள்ளைக் காரும் நீலக் காரும், பின்னால் அப்துல் அஜீஸ். கிளம்புவதற்கு முன் நெடுமாறன் இரண்டு கார்களின் டயர்க் காற்றையும் பார்த்தான். மங்களாம்பிகை அதைக் கண்டும் காணாததுபோல இருந்தார்.

கொடி விழுந்தது.

இரண்டு கார்களும் சேர்ந்தே கிளம்பின, சேர்ந்தே வரப்பேறின. இரண்டுமே நாலாவது கியரில். ஒரு கணம் எட்டுச் சக்கரமும் வானத்தில் இருந்தன. இறங்கியதும் வலது வளைவு. இரண்டும் கதவோடு கதவாக அதற்குள் நுழைந்தன. புழுதி எழுந்து மூடியது. அதற்குள்ளிருந்து இரண்டு எஞ்சின்களின் சத்தம் மட்டும் வந்தது. எது முன்னால் என்று காதால் பிரிக்க முடியவில்லை.

கூட்டம் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தது. அமிர்தலிங்கம் தவித்தார். “மேடம், பேசுங்க! யாரு முன்னாடி?”

ஜெயபாரதிக்கு மேடையிலிருந்து தெரிகிறது. புழுதி விலகும் இடமும் தெரிகிறது, அதிலிருந்து முதலில் எட்டிப் பார்க்கிற மூக்கும் தெரிகிறது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டு வாரமாக அந்தப் பட்டறைக்குப் போய்வந்தவர் நீங்களும்தானே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

மைக்கை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். எல்லாரும் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.